தட்டை யாருக்கு? கரிசக்காட்டு மூடாக்கின் கதை

மூடாக்குங்கிற சொல் இப்போ ஊரெல்லாம் புழங்குது. மாடித்தோட்டம் போடுறவங்க, சொந்த ஊர்ல ரெண்டு சென்ட் வாங்கி எலுமிச்சையும் முருங்கையும் வச்சவங்க, ஆர்கானிக் கடை நடத்துறவங்க, எல்லார் வாயிலயும் இது வருது. வேளாண்மைத் துறைக்காரங்க இதையே 'நிலப்போர்வை'ன்னு எழுதுவாங்க. விஷயம் ஒண்ணுதான். செடிக்கு அடியில வெறுமனே கிடக்குற மண்ணை வைக்கோல், சருகு, தட்டைன்னு எதையாவது போட்டு மூடி வைக்கிறது. வெயில் நேரா மண்ணுல விழாது. ஈரம் நிக்கும். களை குறையும். நாளாவட்டத்துல மக்கி மண்ணோட சேர்ந்துடும்.

நகரத்துல இருந்து நம்ம காட்டைப் பார்க்க வர்றவங்க ஒரு கேள்வி கேட்பாங்க. "இவ்வளவு சுலபமான வேலை, இந்தக் காய்ஞ்ச சீமையில பெரியவங்க ஏன் செய்யாம விட்டாங்க? தெரியாமலா, மறந்தா?"

ரெண்டும் இல்லைங்க. தட்டை மிச்சமில்லாமப் போனதுதான் காரணம். ஒரு சோளத் தட்டைக்கு எத்தனை பேர் கையை நீட்டிக்கிட்டு வரிசையில நின்னாங்கன்னு தெரிஞ்சாத்தான் மண்ணு ஏன் கடைசியா நின்னுச்சுன்னு புரியும். அது புரியாம மூடாக்கு போட்டா, எங்க மண்ணுல நல்லதும் நடக்கும், கெட்டதும் நடக்கும். அதனால கொஞ்சம் பழைய கதை, அப்புறம் வேலை முறை.

கடம்பூர் தெரியாதவங்களுக்கு: மதுரையில இருந்து திருநெல்வேலிக்கு ரயில்ல போனா கோவில்பட்டி தாண்டி வர்ற ஸ்டேஷன். போளி விக்கிற ஊருன்னு சொன்னா உடனே பிடிபடும். போளிக்குப் பேர் வாங்கின ஊரு, மழைக்கு ஏங்குற ஊரு. கோவில்பட்டி வட்டாரத்துல வருசத்துக்குச் சராசரியா 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதுலயும் பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள, வடகிழக்குப் பருவத்துல கொட்டி முடிஞ்சிடும். கிணறு இருக்குறவங்க கொஞ்சம் பேர். மத்தவங்களுக்கு மார்கழிக்கு அப்புறம் மண்ணுக்குள்ள எவ்வளவு ஈரம் ஒட்டியிருக்கோ அதுதான் வெள்ளாமை.

அந்த ஈரத்தைப் பிடிச்சு வைக்கிறதுல கரிசல் மண்ணு கெட்டிக்காரி. பாதியளவுக்குக் களித்துகள் உள்ள மண்ணு இது. தண்ணி குடிச்சா ஊதும், காய்ஞ்சா சுருங்கும். மாசி, பங்குனியில பார்த்தீங்கன்னா பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். கைய விட்டா முழங்கை வரைக்கும் உள்ள போகும். கடுங்கோடையில சில வெடிப்பு ஒரு மீட்டர் ஆழத்தையும் தாண்டும். மேல இருக்குற ரெண்டு மூணு விரற்கடை மண்ணு மட்டும் குருணை குருணையா உதிர்ந்து, தளர்வா ஒரு படுகையா கிடக்கும். காத்துக்கும் மழைக்கும் அந்தக் குருணை வெடிப்புக்குள்ள விழும். அடுத்த மழையில அடிமண்ணு ஊதி மேல வரும். இப்படி வருசக்கணக்கா மேல்மண்ணு கீழயும் கீழ்மண்ணு மேலயுமா மெதுவாப் புரண்டுக்கிட்டே இருக்கும். மண்ணியல் படிச்சவங்க 1960 வாக்குல அமெரிக்க மண் வகைப்பாட்டுல இந்த மாதிரி மண்ணுக்கு 'வெர்ட்டிசால்'னு பேர் வச்சாங்க. புரட்டுறதுங்கிற அர்த்தமுள்ள லத்தீன் சொல்லுல இருந்து வந்த பேரு. மேல உதிர்ந்து கிடக்குற குருணைப் படுகையைப் பார்த்து 'தானே மூடாக்கு போட்டுக்குற மண்ணு'ன்னும் அவங்க சொல்றதுண்டு.

எங்க பெரியவங்க செய்த வேலையும் இதை ஒட்டித்தான். மழை விட்டு, மண்ணு காலுல ஒட்டாத பதத்துக்கு வந்ததும் நிரைக்கு நடுவுல உள்ளுழவு ஓட்டுவாங்க, இல்லைன்னா களைசுரண்டியால சுரண்டி விடுவாங்க. களையும் போகும், வெடிக்கத் தொடங்குற வாயும் மூடும். வெடிப்பு திறந்தா அது வழியா அடி ஈரம் ஆவியாப் போகும், பருத்தி வேரும் அறுபடும். மண்ணாலயே மண்ணை மூடுற வேலை அது. தட்டைச் செலவே கிடையாது.

இந்தப் புழுதி மூடாக்கை உலகம் ஒரு காலத்துல தலையில தூக்கி வச்சு ஆடியிருக்கு. அமெரிக்காவுல தெற்கு டகோட்டாவுல இருந்த ஹார்டி வெப்ஸ்டர் கேம்பல்னு ஒருத்தர், மழை குறைஞ்ச சமவெளியில ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் மேல்மண்ணைக் கிளறிப் புழுதியாக்கிட்டா போதும், அடி ஈரம் தப்பிக்காதுன்னு 1900-களின் தொடக்கத்துல ஊர் ஊரா பிரசாரம் செஞ்சார். விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி மண்ணுல நீர் மேல ஏறுது, திரியை அறுத்துட்டா நின்னுடும்ங்கிறது அவர் கணக்கு. ரயில்வே கம்பெனிகளும் நிலம் விக்கிறதுக்காக அவருக்குத் துணை நின்னுச்சு. டிராக்டர் வந்தது. கண்ணுக்கு எட்டின தூரம் புல்வெளியைப் புரட்டினாங்க. 1930-கள்ல மழை தொடர்ந்து பொய்ச்சப்போ அந்தப் புழுதி எழும்பி வானத்தை மறைச்சது. 1935 ஏப்ரல் 14-ஐ அங்க 'கறுப்பு ஞாயிறு'ன்னே சொல்றாங்க. எங்க கரிசல் மாவா உதிராது, குருணையா உதிரும். மாட்டு ஏரும் அவ்வளவு நிலத்தை அவ்வளவு வேகமாப் புரட்டாது. அதனால நமக்கு அந்தக் கதி வரலை. டிராக்டர் ரோட்டவேட்டரைக் கோடையில மூணு தடவை ஓட்டுறவங்களைப் பார்க்குறப்போ மட்டும் எனக்கு அந்த ஞாயித்துக்கிழமை ஞாபகம் வந்துபோகும்.

சரி, தட்டைக்கு வருவோம்.

வயக்காட்டுக்குத் தட்டை மூடாக்கு போடணும்னா எக்டேருக்கு 5 டன்னுன்னு சாதாரணமா சிபாரிசு செய்வாங்க. ஏக்கருக்கு ரெண்டு டன். மானாவாரியில ஒரு ஏக்கர் இருங்குச்சோளம் போட்டா, நல்ல மழை வருசத்துல ஏறக்குறைய அவ்வளவு தட்டைதான் கிடைக்கும். மோசமான வருசத்துல அரை டன்னும் தேறாது. அதாவது ஒரு ஏக்கரை மூடணும்னா அந்த ஏக்கர்ல விளைஞ்ச கடைசித் தட்டை வரைக்கும் திருப்பிப் போடணும். அப்படிப் போட்டாக்கூட சதுர மீட்டருக்கு அரைக் கிலோதான் வரும். மண்ணு அங்கங்க தெரியத்தான் செய்யும்.

அந்தத் தட்டையைத்தான் வீட்டுல இருந்த உழவுமாடு எதிர்பார்த்து நின்னுச்சு. கம்பந்தட்டை, சோளத்தட்டை ரெண்டையும் களத்து மேட்டுல படப்பாப் போட்டு, அடுத்த ஆவணி வரைக்கும் கணக்குப் பார்த்து உருவிப் போடுவாங்க. படப்பு உயரத்தைப் பார்த்துத்தான் வீட்டு நெலமையை எடை போடுவாங்க, சம்பந்தம் பேச வந்தவங்க கண்ணும் முதல்ல அங்கதான் போகும். பருத்தி முடிஞ்சா பருத்திமார் அடுப்புக்கு. வருசம் முழுக்க அதுதான் விறகு. உளுந்து, பாசிப்பயறு அடிச்ச பொட்டு பால்மாட்டுக்கு. சாணியிலயும் பாதி எருவாட்டியாத் தட்டி அடுப்புக்குப் போயிடும். காட்டுல மிஞ்சுறது வெறும் தாள்தான். அதையும் மேய ஆட்டுக்கிடை வரும். செம்மறியாடு தாளையும் சருகையும் தின்னு, ராத்திரி அங்கேயே படுத்து, புழுக்கையாவும் மூத்திரமாவும் நிலத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். கிடை போட்டவருக்குக் காட்டுக்காரர் தானியமோ பணமோ கொடுப்பார். கண்மாய் வத்தினா கரம்பை அள்ளி வண்டியில கொண்டுபோய்க் கொட்டுவாங்க. மண்ணுக்குப் போக வேண்டியது போச்சு. ஆனா ஒரு வயிறு வழியாப் போச்சு.

இதுல உயிர்ப் பிரச்சினையும் இருந்துச்சு. 1876-78 தாது வருசப் பஞ்சத்துல சென்னை மாகாணத்துல மனுசங்க லட்சக்கணக்குல செத்தாங்க. கால்நடையும் கணக்கில்லாமச் செத்துச்சு. மழை திரும்பி வந்தாலும் உழ மாடு இல்லாதவனுக்கு அந்த மழையால என்ன பிரயோசனம்? படப்பு வச்சிருந்தவன் மாட்டைக் காப்பாத்தினான், மாட்டைக் காப்பாத்தினவன் விதைச்சான். அப்படிப்பட்ட ஊர்ல போய், "தட்டையை மண்ணுல பரப்புங்க, மண்ணு நல்லாயிருக்கும்"னு அன்னைக்கு ஒருத்தர் சொல்லியிருந்தா, அவரை நடு ஊர்ல உட்கார வச்சு மோர் கொடுத்துத் தெளிய வச்சிருப்பாங்க.

தட்டை மிச்சமிருக்குற ஊர்ல கதையே வேற. கேரளத்துல இஞ்சி நட்ட கையோட பாத்தி மேல பச்சைத் தழையை ஏத்தி மூடுறது பழைய வழக்கம். மழை அடிச்சு மண்ணு கரையாம இருக்கும், இஞ்சியும் சூடு தாங்கும். இலங்கை மலையகத்துல நம்ம தமிழாளுங்க கையாலயே ஒரு பெரிய மூடாக்கு வேலை நடந்திருக்கு. வயசான தேயிலையைப் பிடுங்கிட்டு மறுபடி நடுறதுக்கு முன்னாடி, குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ ஒன்றரை ரெண்டு வருசம் வளர்த்து, வெட்டி வெட்டி அதே நிலத்துல பரப்பி விடுவாங்க. அங்க மழை அதிகம், புல்லு தானா வளரும், சரிவுல மண்ணு ஓடாம நிக்கணும். திருநெல்வேலிச் சீமையில இருந்து கப்பலேறிப் போன குடும்பங்கள்ல எத்தனையோ பேர் அங்க அந்தப் புல்லை வெட்டிப் பரப்பியிருப்பாங்க. சொந்தக் கரிசல்ல ஒரு கத்தை தட்டையைக்கூட அப்படி விட அவங்களுக்கு மனசு வந்திருக்காது.

கோவில்பட்டியில 1901-ல அரசாங்கம் வேளாண்மைப் பண்ணை தொடங்கினது பருத்தியை மனசுல வச்சு. கருங்கண்ணி, உப்பம்னு இந்தப் பக்கத்துப் பருத்தி 'டின்னவெல்லி'ங்கிற பேர்ல ஏற்றுமதியான காலம் அது. நல்ல விதை, நல்ல இழை, அதிக மகசூல், இதுதான் தேடல். மண்ணை எதைக்கொண்டு மூடுறதுங்கிற கேள்விக்கு அங்க முதலிடம் இருந்திருக்க முடியாது. 1930-கள்ல மானாவாரி ஆராய்ச்சின்னு தனியா ஐந்து இடத்துல தொடங்கினாங்க: சோலாப்பூர், பிஜப்பூர், ராய்ச்சூர், ரோத்தக், அப்புறம் பெல்லாரிப் பக்கம் ஹகரி. ஹகரி அப்போ நம்ம சென்னை மாகாணம்தான், கரிசல் பூமிதான். அங்கெல்லாம் வரப்பு போட்டுத் தண்ணியைத் தேக்குறது, அடிக்கடி பலுகு ஓட்டுறது, விதையைக் கலக்கமா போடுறது, இதுதான் பேச்சு. தட்டை மாட்டுக்குங்கிறது பேச வேண்டியதே இல்லாத விஷயம்.

அந்தக் கால ஆளுங்கள்ல ஒருத்தர் மட்டும் பருத்திமாரை உத்துப் பார்த்தார். ஆல்பர்ட் ஹோவர்ட். 1924-ல இருந்து 1931 வரைக்கும் இந்தூர்ல இருந்தார். இந்தூரும் கரிசல், அங்கயும் பருத்தி. பருத்திமார் கட்டை மாதிரி இருக்கும், லேசுல மக்காது. அவர் என்ன செஞ்சார்னா, பண்ணைப் பாதையில மாரைப் பரப்பி விட்டார். வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் ஏறி நசுக்கும். நசுங்கினதை மாட்டுக்கு அடியில படுக்கையாப் போட்டு, மூத்திரம் ஊறினதும் எடுத்துச் சாணி, மண்ணு, சாம்பலோட அடுக்கி மக்க வச்சார். 1931-ல ஒய்.டி.வாட் கூடச் சேர்ந்து எழுதின புத்தகத்துல இந்த இந்தூர் முறை வந்து உலகமெல்லாம் போச்சு. இதுல எனக்குப் பிடிச்சது, மாட்டுக்கும் மண்ணுக்கும் சண்டை மூட்டாம ரெண்டுக்கும் பங்கு வச்சதுதான். அடுப்புக்கு வேற வழி அவராலயும் சொல்ல முடியலை.

கொஞ்ச நாள்ல அமெரிக்காவுல நெப்ராஸ்காவுல டூலி, ரஸ்ஸல்னு ரெண்டு பேர் தட்டை மூடாக்கு எப்படி வேலை செய்யுதுன்னு காட்டினாங்க. அதுவரைக்கும் எல்லாரும் ஆவியாப் போறதைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தாங்க. அவங்க மழைத்துளி விழுற இடத்தைப் பார்த்தாங்க. வெறும் மண்ணுல துளி விழுந்து அடிச்சா மேல ஒரு மெல்லிய சேத்து ஏடு படிஞ்சு துவாரமெல்லாம் அடைச்சுக்கும். அதுக்கு மேல விழுற தண்ணி உள்ள இறங்காம ஓடிடும். வைக்கோல் கிடந்தா துளியோட அடி மண்ணுல படாது, ஏடு படியாது, தண்ணி இறங்கும். கரிசல்ல ஐப்பசி மழை பிடிச்சு அடிக்கும்போது ஓடையில கறுப்பா ஓடுற தண்ணியைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1970-ல அகில இந்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சித் திட்டம் வந்து, அதுல கோவில்பட்டியும் ஒரு மையமாச்சு. பெரிய வயலைச் சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சுப் பகுதிப் பாத்தி போடுறது, பார் சால்ல குறுக்கு வரப்பு போடுறது, பருவமழைக்கு முன்னாடியே புழுதியில விதைச்சு விடுறதுன்னு எங்க பக்கம் பரவின நல்ல முறைகள் அந்த வேலையோட சேர்ந்தவை. மழையை விழுந்த இடத்துலயே நிறுத்துறது எல்லாத்துக்கும் பொதுவான நோக்கம்.

அதே பண்ணையில அதுக்கு முன்னாடி வேலை பார்த்துட்டுப் போன ஒருத்தரைப் பத்தி இங்க சொல்லியாகணும். தஞ்சாவூர்ப் பக்கம் இளங்காட்டுல 1938-ல பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல வேளாண்மை படிச்சு, 1963-ல கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில வேலைக்குச் சேர்ந்தார் கோ.நம்மாழ்வார். பருத்தியிலயும் தானியத்துலயும் இடைவெளி எவ்வளவு, ரசாயன உரம் எவ்வளவுன்னு சோதனை நடத்துறது அவர் வேலை. கையில காசில்லாத மானாவாரிக்காரனுக்கு, செலவு வைக்கிற இந்தச் சோதனையால ஒண்ணும் ஆகப்போறதில்லைன்னு பட்டதும் 1969-ல வேலையை விட்டுட்டுக் களக்காட்டுக்குப் போயிட்டார். பின்னாடி தமிழ்நாடு முழுக்க நடந்து நடந்து மூடாக்குங்கிற சொல்லைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர்தான். 2013 டிசம்பர் 30-ல இறக்குற வரைக்கும் அந்த நடை நிக்கலை. இன்னைக்கு மாடித்தோட்டத்துல நீங்க சொல்ற மூடாக்கு பெரும்பாலும் அவர் வாயில இருந்து வந்ததுதான். அந்த மனுசன் ஆறு வருசம் மண்ணைப் பார்த்துப் படிச்ச இடம் எங்க கரிசல்ங்கிறதுல எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அவருக்கு முன்னோடியா ஜப்பான்காரர் மசனோபு ஃபுகோகாவையும் சொல்வாங்க. 1975-ல அவர் எழுதின ஒற்றை வைக்கோல் புரட்சி தமிழ்லயும் வந்துருக்கு. விளைஞ்ச வைக்கோலை அப்படியே அதே வயல்ல இறைச்சு விடுங்கன்னு சொன்னவர். நல்ல புத்தகம், படிங்க. ஆனா அவர் இருந்த ஷிகோகு தீவுல நம்மளைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு மழை. அங்க வைக்கோல் இறைச்சா நனைஞ்சு மக்கும். எங்க ஊர்ல மாசியில இறைச்சா காத்து அள்ளிக்கிட்டுப் போய் வேலிக்கருவையில மாட்டும். மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கும். புத்தகத்தை மழைக்கணக்கோட சேர்த்துப் படிக்கணும்ங்கிறேன், அவ்வளவுதான்.

இப்போ நெலமை மாறியிருக்கு. அதனாலதான் இதை எழுதணும்னு தோணுச்சு. உழவுமாடு போய் டிராக்டர் வந்தாச்சு. 2007 வாக்குல அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கினதுல இருந்து பருத்திமாரைச் சீந்த ஆளில்லை. அடுப்புக்கு நேர்ந்துவிட்ட பொருளுக்கு இப்போ அடுப்பில்லை. சோளமும் கம்பும் குறைஞ்சு கோழித்தீவனத்துக்கான மக்காச்சோளம் காடு காடா நிக்குது. அதோட தட்டை பருமனா, மாடு பாதி தின்னு பாதி ஒதுக்குற மாதிரி இருக்கும். கதிரை ஒடிச்ச பிறகு பல காட்டுல தட்டையைத் தீ வச்சுக் கொளுத்துறாங்க. வரிசையில முன்னாடி நின்னவங்க ஒவ்வொருத்தரா விலகிட்டாங்க. கடைசியில நின்ன மண்ணுக்கு முறை வந்துச்சு, வந்த நேரத்துல நெருப்பு குறுக்க பாயுது. ஆயிரம் வருசமா மிச்சமில்லாத பொருள் மிச்சமாகியிருக்குற இந்தப் பதினஞ்சு இருபது வருசத்துல அதைச் சாம்பலாக்குறது எனக்கு ஆறலை.

பெரிய காட்டை மூடுறது இன்னும் கஷ்டம்தான், கணக்கை மேல பார்த்தோம். வீட்டுத் தோட்டம் அப்படியில்லை. 10 அடிக்கு 4 அடி பாத்தின்னா நாலு சதுர மீட்டருக்கும் கம்மி. 15 கிலோ தட்டை இருந்தா நல்ல கனமா மூடலாம்.

அதை எப்பப் போடுறதுங்கிறதுலதான் நிறையப் பேர் தடுமாறுறாங்க. வெயில் கொளுத்தத் தொடங்கின பிறகு, சித்திரையில, காய்ஞ்ச மண்ணு மேல மூடாக்கு போடுவாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு மில்லிமீட்டர் மழைன்னா சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணி. சதுர மீட்டருக்கு நாலு கிலோ காய்ஞ்ச வைக்கோல் கிடந்தா, அது தன் எடைக்கு ரெண்டு மடங்கு தண்ணியைச் சுலபமா உறிஞ்சி வச்சுக்கும். எட்டு லிட்டர். அப்போ சித்திரையில பெய்யுற அஞ்சாறு மில்லிமீட்டர் கோடை மழை முழுசும் வைக்கோலோட போச்சு, வேருக்குச் சொட்டுக்கூட இறங்காது. மறுநாள் வெயில்ல வைக்கோலும் காய்ஞ்சிடும். மூடாக்கு இருக்குற ஈரத்தைத்தான் காக்கும், இல்லாத ஈரத்தை அது கொண்டு வராது. கார்த்திகைக் கடைசி, மார்கழியில மண்ணு வயிறு நிறையக் குடிச்சு, மேல கால் ஒட்டாத பதம் வந்ததும் போடணும். கோடையில போட்டே ஆகணும்னா முதல்ல அடி வரைக்கும் தண்ணி விட்டுட்டு, சொட்டுநீர்க் குழாயை மூடாக்குக்கு அடியில வச்சு மூடுங்க.

கரிசல்ல இன்னொரு சங்கடம் இருக்கு, செம்மண்காரங்களுக்கு இது அவ்வளவா இல்லை. அடைமழையில எங்க மண்ணு ஊதி, துவாரமெல்லாம் அடைஞ்சு, தண்ணி இறங்காம நாள்கணக்குல நிக்கும். அந்த நேரம் மேல கனமா மூடாக்கும் கிடந்தா மண்ணு காயவே காயாது. கத்தரியும் மிளகாயும் வேர் அழுகி ஒரே ராத்திரியில தொங்கிடும். அதனால ஐப்பசி பிறக்கும்போது பழைய மூடாக்கைப் பாத்தி ஓரத்துக்கு ஒதுக்கிடணும், இல்லைன்னா மெல்லிசா ஒரு படுகை மட்டும் விட்டு வைக்கலாம். மழைத்துளி அடியைத் தாங்க அது போதும். பாத்தியையும் தரைமட்டத்துல போடாம ஒரு சாண் உயர்த்திப் போடுங்க.

மரத்துக்குப் போடுறதுல நகரத்துல ஒரு அழகு பழகியிருக்கு. அடிமரத்தை ஒட்டிக் குவிச்சு, கோயில் கோபுரம் மாதிரி வச்சிருப்பாங்க. பார்க்க லட்சணமாத்தான் இருக்கும். உள்ள பட்டை எந்நேரமும் ஈரமா இருந்து அழுகும். எலுமிச்சைக்கும் முருங்கைக்கும் இது எமன். எலுமிச்சையில அடித்தண்டுல பிசின் வடிஞ்சா அந்தப் பக்கம் முதல்ல பாருங்க. கரையானும் ஈரத்தைத் தேடி அதே வழியாத்தான் பட்டைக்கு ஏறும். அடிமரத்தைச் சுத்தி ஒரு சாண் வெறும் மண்ணா விடணும். அங்கயிருந்து தொடங்கி, உச்சி வெயில்ல மரத்து நிழல் விழுற வட்டம் வரைக்கும், முடிஞ்சா அதுக்கும் ஒரு முழம் தள்ளி வரைக்கும் பரப்பணும். தண்ணி குடிக்கிற இளவேர் அந்த ஓரத்துலதான் இருக்கு. கனம் நாலு விரற்கடை போதும், சருகா இருந்தா ஆறு. வட்டத்துக்கு வெளிப்பக்கம் சின்ன வரப்பு அணைச்சு விட்டா காத்து அள்ளாது. மேல ரெண்டு தென்னை மட்டையோ பனை மட்டையோ வச்சு அமுக்கிடுங்க.

விதை போட்ட பாத்தியை உடனே மூடாதீங்க. முளைச்சு ஒரு சாண் வந்த பிறகு நடுவுல நடுவுலத் திணிச்சா போதும். பருத்திமார், மக்காச்சோளத் தட்டை மாதிரி முரட்டுப் பொருளை நாலு விரல் நீளத்துக்கு வெட்டி மேலயே போடுங்க. மண்ணுக்குள்ள புதைச்சா அதை மக்க வைக்கிற நுண்ணுயிரி மண்ணுல இருக்குற தழைச்சத்தை இழுத்துக்கும், செடி வெளிறிப் போகும். மேல கிடந்தா அந்தத் தொந்தரவு ரொம்பக் குறைவு. மரத்தூளுக்கும் இதே பேச்சுதான். வேப்பஞ்சருகு, புளியஞ்சருகு, கடலைத் தொலி, உளுந்தஞ்சக்கை எதுவும் ஆகும். வேலிக்கருவை இலை போடலாம்னா அதோட காய் ஒண்ணுகூட வராமப் பொறுக்கிடணும், இல்லைன்னா அடுத்த மழைக்குப் பாத்தியில வேலிதான் முளைக்கும். பூத்து விதை கட்டின களையும் ஆகாது.

பிளாஸ்டிக் ஷீட்டும் மூடாக்குன்னுதான் விக்குறாங்க. ஈரத்தைக் காக்கும், களையையும் அடக்கும். மண்ணுக்குள்ள போய்ச் சேர அதுல ஒண்ணுமில்லை, ரெண்டு கோடையில கிழிஞ்சு துண்டு துண்டாக் கரிசல் வெடிப்புக்குள்ள இறங்கினா பொறுக்கி எடுக்கவும் முடியாது. வீட்டுத் தோட்டத்துக்கு எதுக்கு அது?

பக்கத்துக் காட்டு அப்பத்தா ஒருத்தங்க நம்ம எலுமிச்சை வட்டத்தைப் பார்த்துட்டு, "ஏ ராசா, இப்படிச் சருகைக் குமிச்சு வச்சா தேளும் பாம்பும் வந்து குடியிருக்குமேய்யா"ன்னாங்க.

"வரும் அப்பத்தா. குச்சியால தட்டிட்டுத்தான் கை வைக்கிறது."

"அது சரி. வெடிப்புல இருந்த பாம்பு இப்போ மேல வந்து படுக்கப்போகுது, வேறென்ன"ன்னு சிரிச்சுட்டுப் போனாங்க. அவங்க சொன்னதுல நியாயம் இருக்கு. வீட்டு வாசப்படி, பிள்ளைங்க விளையாடுற இடம் பக்கத்துல கனமாப் போடாதீங்க. சுவரை ஒட்டி ஒரு கஜம் விடுங்க. சித்திரை, வைகாசியில காய்ஞ்ச மூடாக்கு பத்தினா சட்டுனு பிடிக்கும், பீடி நெருப்பு போதும்.

மக்க மக்க மூடாக்கு அமுங்கும். அடியில விரலை விட்டுப் பாருங்க. மண்ணு ஜில்லுன்னு, குருணையா, வெடிக்காம இருந்தா சரியா இருக்கு. ஊறி நாத்தம் அடிச்சா கனம் கூடிப்போச்சு, கிளறிக் காத்தாட விடுங்க. வருசத்துக்கு ரெண்டு தடவை மேல போட்டுக்கிட்டே வந்தா போதும்.

பொருளுக்கு எங்க போறதுன்னு கேட்பீங்க. வைக்கோலைக் காசு கொடுத்து வாங்காதீங்க, மழை பொய்ச்ச வருசத்துல அது மாட்டு வயித்துல இருந்து பிடுங்குறதுக்குச் சமம். உங்க தெருவுல கூட்டிக் குமிச்சு எரிக்கிற சருகே நாலு மரத்துக்குக் காணும். கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் சொந்தம் இருக்குறவங்க தை கடைசியில, மக்காச்சோளம் ஒடிச்சு முடிச்ச வாரத்துல வாங்க. காட்டுக்காரர்கிட்ட "அண்ணாச்சி, இந்தத் தட்டையைக் கொளுத்தப் போறீங்களா, நான் எடுத்துக்கட்டுமா"ன்னு கேளுங்க. பெரும்பாலும் வண்டியில ஏத்தியும் விட்டுடுவார். மாசி பிறந்துட்டா தீப்பெட்டி முந்திக்கும்.